இரண்டாவது செபம்

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப் கிழியாமல் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் இருக்கும். சென்னீர்குப்பத்தில், ஆவடி போகிற ரோட்டோரம் இருக்கும் அந்த மருந்துக்கடையில் ஆக்னஸ் பதினோரு வருஷமாக ஃபார்மசிஸ்ட். அரிப்புக்கு மாத்திரை கேட்டு ஒருவர் வந்து நின்றார். இழுப்பறையிலிருந்து பெட்டியை எடுத்து டேப்பைக் கிழிக்கப் போனவளின் விரல் பாதியில் நின்றது. நேற்று சாயங்காலம் இதே மாத்திரையை ஒரு அம்மாவுக்குக் கொடுத்தோமே, ஒரு அட்டை. பழைய பெட்டி புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. புதுப் பெட்டியைப் பிரிக்கவே இல்லையென்றால், நேற்றுக் கொடுத்தது எதை?

பக்கத்து இழுப்பறையை இழுத்தாள். அதே கம்பெனி, அதே வெள்ளி நிற அட்டை, அதே ஊதா எழுத்து. பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் வேறு. அது சர்க்கரை நோய்க்காரர்களுக்கானது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை மளமளவென்று இறக்குகிற ரகம். கம்ப்யூட்டர் ஏழு அட்டை இருக்கிறது என்றது. அவள் எண்ணியபோது ஆறு இருந்தது. மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

நின்றவருக்கு மாத்திரையைக் கொடுத்தாள். பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையை விட்டாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாவின் முகம் இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும். நரைத்த முடியைச் சின்னதாகக் கொண்டை போட்டிருந்தார். மருமகளோ மகளோ வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தனியாகக் கல்லாவுக்கு வந்து, பக்கத்துக் கிளினிக் டாக்டரம்மாவின் சீட்டை நீட்டினார். கொங்குப் பக்கத்துப் பேச்சு.

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. நான் ஒருபொழுது. பொழுது சாயுற வரைக்கும் தண்ணிதான். காலைல வெறும் வயித்துல இதப் போடலாமுங்களா?"

"தாராளமா போடலாம்மா. இது ஒண்ணும் பண்ணாது."

அதைச் சொல்லும்போதே ஆக்னஸ் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். ஏழு நாற்பது பஸ்ஸை விட்டால் ஆவடிக்கு அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கை அட்டையை எடுத்தது, கண் கடிகாரத்தில் இருந்தது.

நேற்று ராத்திரி ஒன்று. இன்று காலை ஒன்று. சர்க்கரையே இல்லாத உடம்பு, வெறும் வயிறு.

கடைக்காரர் கோகுல்நாத் உள்ளே ஸ்டாக் பிரித்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. கொரோனா காலத்தில் தன் கையாலேயே வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆக்னஸ் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. பில்லைப் பார்த்தார். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, வெறும் பணம் கட்டின பில்.

"யாருன்னே தெரியாதும்மா. எங்கேன்னு போய்த் தேடுவ?"

"டாக்டரம்மா கிளினிக்ல கேட்டா தெரியும் சார்."

"கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்கல்ல?" குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு ஆக்னஸ். ரெண்டு மாத்திரைதான். கொஞ்சம் மயக்கமா இருக்கும், ஏதாச்சும் சாப்பிட்டா சரியாயிடும். நீ போய் நான்தான் மாத்திக் குடுத்தேன்னு நின்னா, நாளைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் இங்க நிப்பாரு. உன் லைசென்ஸும் போகும், என் கடையும் போகும்."

"அவங்க சாப்பிட மாட்டாங்க சார். இன்னிக்கு விரதம்."

ஆக்னஸ் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கிளினிக் இரண்டு கடை தள்ளி மாடியில். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஷட்டர் பூட்டியிருந்தது. பலகையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஷட்டருக்கு உள்ளேயே மணி அடித்தது. அவள் காதில் போனை வைத்தபடி, யாருமில்லாத அறையில் அடிக்கிற மணியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தானாக நின்றுபோனது.

கிளினிக்கில் டோக்கன் போடுகிற பெண் எழில், காலை வேளையில் பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். ஆக்னஸுக்கு அது தெரியும். எழிலின் நம்பருக்குப் போட்டாள், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம்.

சிக்னல் அருகே நின்ற ஆட்டோவில் ஏறினாள்.

"பூந்தமல்லி. சீக்கிரம் போங்க."

"இன்னா மேடம், ஆஸ்பத்திரியா?" என்றார் டிரைவர். ஐம்பது வயதுக்காரர், காதோரம் நரை. வண்டிக்குள் வரதன் என்று எழுதி ஒட்டியிருந்தது.

"இல்ல. ஒருத்தரத் தேடணும்."

ஆக்னஸ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு அலமாரியில் மாதா படம், அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. காலையில் சோறு வடிக்கும்போது வாய் தன்பாட்டுக்குச் செபம் சொல்லும், மனசு மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று யோசிக்கும். அதில் குறையொன்றும் அவளுக்குத் தெரிந்ததில்லை. இப்போது ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போகப் போக, வார்த்தைகள் தாமாகக் கிளம்பின.

ஆண்டவரே, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. ஆண்டவரே, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.

மெட்ரோ தூண்களுக்குக் கீழே லாரி ஒன்று குறுக்கே நின்று வழியடைத்திருந்தது. வரதன் ஹாரனை அடித்துத் தள்ளினார். ஆக்னஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஸ்கேன் சென்டரில் கூட்டம். எழில் கையில் ஃபைல் அடுக்கோடு பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இந்தப் பக்கம்?"

"நேத்து சாயங்காலம் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்களே, கோயமுத்தூர் பக்கத்துப் பேச்சு, அரிப்புன்னு. அவங்க வீடு எங்கன்னு தெரியுமா?"

"எதுக்குக்கா?"

நாக்கு நுனியில் உண்மை இருந்தது. வரிசையில் நின்றவர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஆக்னஸின் வாய் வேறொன்றைச் சொன்னது.

"கண்ணாடிய கடைல மறந்து வெச்சிட்டுப் போய்ட்டாங்க. குடுத்துடலாம்னு."

"அட, கண்ணாடிதான? சாயங்காலம் கிளினிக் தொறந்ததும் நோட்டப் பார்த்து சொல்றேங்கா. இப்ப பாருங்க, இருபது பேர் நிக்கிறாங்க" என்று எழில் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடப் போனாள்.

ஆக்னஸ் வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் மறுபடி தொடங்கிவிட்டது: ஆண்டவரே, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.

அப்போதுதான் அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று அவளுக்குக் கேட்டது. காலையிலிருந்தே ஓடியிருக்க வேண்டும். முதல் செபத்தின் நிழல் மாதிரி, அதே மூச்சில், அதே ஆண்டவரிடம். யாருக்கும் தெரியக்கூடாது.

இரண்டையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சற்று முன் எழிலிடம் பேசியது இரண்டாவது செபம்தான். அது பலித்தும் விட்டது. யாருக்கும் தெரியவில்லை. அதனாலேயே அந்த அம்மாவின் வீடும் தெரியவில்லை.

ஒன்று நடக்க வேண்டுமென்றால் மற்றதைக் கைவிட்டாக வேண்டும். எதைக் கேட்கிறாய் என்று யாரோ பக்கத்தில் நின்று கேட்டது போல் இருந்தது. குரலெல்லாம் ஒன்றுமில்லை. தெருவில் தண்ணீர் லாரிதான் போனது. ஆனாலும் கேள்வி அங்கேயே நின்றது.

பதினோரு வருஷ வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். 'மருந்தை மாற்றிக் கொடுத்தவள்' என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசும்.

"முதலாவது போதும்" என்று வாய்விட்டே சொன்னாள்.

"இன்னா மேடம்?" என்றார் வரதன்.

அவள் திரும்பிப் படியேறிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை எழிலின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துச் சொன்னாள். "கண்ணாடியெல்லாம் இல்லடி. பொய் சொன்னேன். நான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டேன். சர்க்கரை மாத்திரை. அவங்க இன்னிக்கு விரதம்."

எழில் கையிலிருந்த ஃபைல்களை அப்படியே மேஜையில் போட்டாள். மேனேஜர் என்னவோ கேட்டார், அவள் காதில் வாங்கவில்லை. லாக்கரைத் திறந்து தன் போனை எடுத்தாள். நேற்று மதியம் டோக்கனுக்காக வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"இதான். மருமக பேரு ஸ்வாதி. அந்தம்மா பேரு லோகநாயகி. காட்டுப்பாக்கத்துல ஃப்ளாட். லிஃப்ட் ரிப்பேர், மூணு மாடி ஏறி எறங்கி முட்டி போச்சுன்னு பொலம்புனாங்க. அடி பம்பு இருக்கிற தெருன்னு சொன்னாங்கக்கா, அவ்ளோதான் ஞாபகம் இருக்கு."

ஸ்வாதியின் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆக்னஸ் வாட்ஸப்பில் எழுதினாள்: 'உங்கள் மாமியாருக்கு நேற்று நான் தவறான மாத்திரை கொடுத்துவிட்டேன். ஆபத்தானது. உடனே கூப்பிடுங்கள். மருந்துக்கடை ஆக்னஸ்.' அனுப்பும் பட்டனை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆட்டோ காட்டுப்பாக்கம் நோக்கிப் பறந்தது. வரதன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இன்னா மேட்டர்னு சொன்னா நானும் தேடுவேன்ல?"

சொன்னாள். இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அடி பம்புத் தெருவா? ரெண்டு கீது அந்த ஏரியால. மொதல்ல கிட்ட கீறதப் பாக்கலாம்."

முதல் தெருவில் மூன்று மாடிக் கட்டடமே இல்லை. இரண்டாவது தெரு முனையில் பம்பு இருந்தது, கைப்பிடி இல்லாமல். வரதன் வண்டியை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார். "லிஃப்ட் ஓடாத அப்பார்ட்மென்ட் எதும்மா இங்க?" காய்கறி வாங்கிக்கொண்டிருந்த பெண் கையை நீட்டினாள். "அந்தப் பச்ச கேட்டு. ரெண்டு மாசமா ஓடல."

மூன்று மாடியையும் ஆக்னஸ் எப்படி ஏறினாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. மேலே ஒரே ஒரு வீடுதான்; கதவில் அழைப்பு மணி, அதன் கீழே எண்களை அழுத்தித் திறக்கிற பூட்டு. மணியை அழுத்தினாள். உள்ளே டி.வி. சத்தம். மறுபடி அழுத்தினாள். கதவைத் தட்டினாள். வரதனும் பின்னாலேயே ஏறி வந்து நின்றார்.

"லோகநாயகிம்மா! அம்மா!"

டி.வி.யில் யாரோ சிரித்தார்கள். வேறு அசைவில்லை.

போன் அடித்தது. ஸ்வாதி.

"யாருங்க நீங்க? என்ன மெசேஜ் இது? மீட்டிங்ல இருந்தேன், இப்பதான் பாக்கறேன்."

"உங்க வீட்டு வாசல்லதாம்மா நிக்கிறேன். உள்ளேருந்து பதில் இல்ல. கதவத் தொறக்கணும்."

மறுபக்கம் மூச்சு வாங்கியது. "நீங்கதான் தப்பான மாத்திரை குடுத்தேங்கறீங்க. இப்ப கதவு நம்பர் கேக்கறீங்க. உங்கள எப்படிங்க நான் நம்புறது?"

"நம்ப வேணாம்மா" என்றாள் ஆக்னஸ். "வீடியோ கால் போடுங்க. நான் என்ன பண்றேன்னு பாத்துகிட்டே இருங்க. நம்பர மட்டும் சொல்லுங்க."

வீடியோ கால் வந்தது, ஆக்னஸ் எடுத்தாள். பிறகு ஆறு எண்கள் ஒவ்வொன்றாக வந்தன.

லோகநாயகி சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே தரையில் சாய்ந்து கிடந்தார். புடவை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஆக்னஸ் கன்னத்தைத் தட்டினாள். "ம்" என்று ஒரு முனகல். விழுங்க முடிகிறதா என்று பார்க்க விரலால் உதட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள். தொண்டை அசைந்தது.

"வரதண்ணா, நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. சர்க்கரை கொறஞ்சு மயக்கம்னு சொல்லுங்க."

போனை வரதனிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அடுத்தவர் வீட்டு அலமாரி. ஒரே மாதிரியான எவர்சில்வர் டப்பா ஏழெட்டு. ரவை. பொட்டுக்கடலை. ஒன்றில் வெள்ளையாக, பொடியாக இருந்தது. அள்ளப் போனவள் நிறுத்தி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. அடுத்தது சர்க்கரை. அதையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே எடுத்தாள்.

லோகநாயகியைத் தோளில் சாய்த்து உட்கார வைத்து, குழைத்த சர்க்கரையைக் கன்னத்தின் உட்புறத்தில் விரலால் தடவினாள். கொஞ்சம் விழுங்கியதும் மறுபடி தடவினாள். வாய் ஓயாமல் முணுமுணுத்தது. இப்போது அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. வரதன் கையில் நீட்டிப் பிடித்திருந்த போனுக்குள் ஸ்வாதி அழுதுகொண்டே ஏதோ ஒரு படியில் இறங்கி ஓடுவது தெரிந்தது.

பத்து நிமிஷமா, பதினைந்தா, தெரியாது. லோகநாயகியின் இமை துடித்தது. கண் மெல்ல அலைந்து ஆக்னஸின் முகத்தில் வந்து நின்றது.

"யாரு கண்ணு நீ?"

ஆக்னஸ் குனிந்து அவர் காதருகே பேசினாள்.

"மருந்துக்கடை ஆக்னஸும்மா. நேத்து உங்களுக்கு மாத்திரை மாத்திக் குடுத்துட்டேன். என் தப்புதான்."

லோகநாயகி அதைக் கேட்டாரா என்று சொல்ல முடியாது. "எம்பட விரதம் போச்சா?" என்றார். உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

சர்க்கரையை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதாது, அந்த வகை மாத்திரை மறுபடி மறுபடி இறக்கும், ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஆக்னஸுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் கூடவே போனாள். எமர்ஜென்சியில் டாக்டர் கேட்டதற்கு மாத்திரையின் பெயர், அளவு, எந்த நேரம், எல்லாவற்றையும் தாளில் எழுதி, கீழே தன் பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் போட்டு, 'தவறாகக் கொடுத்தது நான்' என்று எழுதினாள். டாக்டர் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். தாளை ஃபைலில் செருகினார்.

ஸ்வாதி வந்ததும் ஆக்னஸ் எழுந்து நின்றாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். ஸ்வாதி அடிக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் பெங்களூர்ல இருக்காரு. அவர் அம்மாவ என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு. நாங்க இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்காம இருந்திருந்தா?"

"தெரியும்மா."

"என்ன தெரியும்? நான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கத்தான் போறேன்."

"குடுங்கம்மா."

அந்தப் பதில் ஸ்வாதியை இன்னும் கோபப்படுத்தியது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் வரதன் ஆட்டோவோடு காத்திருந்தார். ஆவடி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். வழியில் கோகுல்நாத் கூப்பிட்டார்; ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு விசாரித்திருப்பார்கள் போல. "எழுதியே குடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "கொஞ்ச நாளைக்குக் கடைப் பக்கம் வர வேணாம்" என்றார். அவர் குரல் கோபத்தைவிடக் களைப்பாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க ஆக்னஸ் ஓரிடத்தில் உட்காரவில்லை. கழுவிய பாத்திரத்தைக் கழுவினாள். போனை எடுத்து எடுத்து வைத்தாள். லோகநாயகிக்கு இரவு இன்னொரு தடவை சர்க்கரை இறங்கி, டிரிப் ஏற்றிச் சரிசெய்தார்கள் என்று எழில் விசாரித்துச் சொன்னாள். நல்லது செய்தால் மனசு அமைதியாகும் என்று எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள். அமைதி எங்கே? உண்மையைச் சொல்லிவிட்டாள், அந்த அம்மாவும் பிழைத்துவிட்டார். ஆனாலும் கண்ணை மூடினால் தன் கை தவறான இழுப்பறைக்குப் போவதுதான் தெரிந்தது.

ஞாயிறு பூசையில் பாதிக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தாள். கணவன் ரவிச்சந்திரன் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான். பாக்டரியில் வேலை. வேறு மதம். பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவளைக் கொண்டுவந்து விட்டு, முடிகிற வரைக்கும் வெளியே காத்திருப்பவன்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?"

"உள்ள உக்கார முடியலைங்க."

அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். "சரி, இங்க உக்காரு. இங்கயும் பாட்டு கேக்குது."

உட்கார்ந்தாள். பாட்டு கேட்டது. செபம் ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் பரவாயில்லை என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. கேட்கிறவருக்கு இந்த வேப்பமரமும் எட்டாத இடமில்லையே.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்வாதி கூப்பிட்டாள். குரலில் இறுக்கம் குறையவில்லை.

"அத்தை வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆனா ஒரு மாத்திரையும் தொட மாட்டேங்கறாங்க. பிபி மாத்திரை பத்து வருஷமா போடறது, அதக்கூட தூக்கி வெச்சிட்டாங்க. இன்னிக்கு நூத்தி எம்பது இருக்கு. நானும் சொல்லிப் பாத்தேன், டாக்டரும் சொல்லிப் பாத்தாரு." பிறகு, "உங்களக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்றாள்.

ஆக்னஸ் போனாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஸ்வாதி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சாப்பாட்டு மேஜை மேல் மருந்தெல்லாம் ஒரு தட்டில் கிடந்தது. லோகநாயகி தலை வாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"வா கண்ணு. உக்காரு. இதுல எது எதுக்குன்னு நீ பாத்துச் சொல்லோணும்."

"என்கிட்டயாம்மா?" என்றாள் ஆக்னஸ். "நான் தப்பு பண்ணுனவம்மா."

"அது எனக்குத் தெரியாதா? ஸ்வாதி எல்லாஞ் சொல்லிப்போட்டா. நீயா தேடி வந்த, நீயா சொன்ன. சொல்லாம விட்டிருந்தா வயசான பொம்பள, விரதம் இருந்து போய்ச் சேந்துட்டாள்னு எல்லாரும் பேசியிருப்பாங்க. மத்தவங்க சரின்னு சொன்னா சரியான்னு எனக்கு இப்பத் தெரியல. நீ தப்புன்னா தப்புன்னு சொல்லிப்போடுவ. அது மட்டும் நிச்சயமாத் தெரியும். படி."

ஆக்னஸ் ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டாள். மறுபடி படித்தாள். லோகநாயகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் போட வேண்டிய ஒன்றை ஆக்னஸ் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். லோகநாயகி அதை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"அன்னிக்கு என் காதுகிட்ட என்னமோ சொல்லிட்டே இருந்தியே, என்ன அது?"

"செபம்மா."

"உங்க சாமிகிட்ட என்ன கேட்ட?"

"நீங்க கண்ணு முழிக்கணும்னு."

லோகநாயகி தலையாட்டிக்கொண்டார். "வாரா வாரம் திங்கக்கெழம வந்து பிரிச்சு வெச்சுட்டுப் போ" என்றார், முடிவெடுத்தவர் போல.

வாசல் வரைக்கும் ஸ்வாதி கூட வந்தாள். "கம்ப்ளெய்ன்ட் குடுத்தாச்சு. வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"வேணாம்மா. வாங்காதீங்க. ஒரே மாதிரி ரெண்டு அட்டை பக்கத்துப் பக்கத்துல இருந்ததையும் நான் விசாரணைல சொல்லத்தான் போறேன். இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது."

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள். "படியில பாத்து எறங்குங்க, ரெண்டாவது மாடில லைட் இல்ல" என்றாள்.

தெருவுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. வியாழக்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லி டிரக் இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து காலையில்தான் கூப்பிட்டிருந்தார்கள். லைசென்ஸ் இருக்குமா போகுமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு பசித்தது. பஸ் ஸ்டாப் பக்கத்து டிபன் கடையில் நின்றபடியே இரண்டு இட்லி கேட்டாள். சாம்பார் சூடாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே ரவிச்சந்திரனுக்குப் போன் போட்டாள்.

"வியாழக்கெழம லீவு போட முடியுமா?"

"எதுக்கு?"

"விசாரணைக்குப் போகணும். வெளிய நிக்காதீங்க. கூட உள்ள வாங்க."